தண்ணீர் சரியில்லை

கொண்டை ஊசியின் முனையால் கணவரின் நகத்துக்குள் இருந்த மாவை அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் முடிந்தது. ஆள்காட்டி விரலில் மாவு காய்ந்து கல்லாகியிருந்தது.

"விடும்மா. அதை யாரு பாக்கப் போறாங்க?" என்றாள் மகள்.

"நான் பாக்கிறேன்ல?"

மகள் போய், வாடகைக்கு வந்திருந்த நாற்காலிகளைச் சுவரோரமாகப் போட்டாள். முன்னறை சின்னது. நடுவில் அவரைக் கிடத்தியிருந்த கட்டில். ஆள் நடக்க வழி விட்டால் நாற்காலிக்கு இடமில்லை. நாற்காலி போட்டால் நடக்க வழியில்லை. இரண்டு முறை மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டுப் பாதியை வாசலுக்கு எடுத்துப் போனாள்.

தூண்டில் மாவு அது. அடுப்படி டப்பாவிலிருந்து தினமும் ஒரு பிடி போகும். பிசைந்து, ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு விடிவதற்குள் ஏரிக்குக் கிளம்பிவிடுவார். வேலையில் இருந்தபோது ஏரிக்குப் போய் வந்த பிறகுதான் வேலைக்குப் போவார். ஓய்வு பெற்ற பிறகு வெயில் ஏறும்வரை அங்கேதான். போன மாவும் திரும்பாது, மீனும் வராது.

நேற்றும் அப்படித்தான் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "அடித்தண்ணி குளிர்ந்து போச்சு. மீன் எல்லாம் கீழ போயிடுச்சு."

அடுப்படியிலிருந்து அவள் சொன்னாள். "நீங்களும் கீழ போய்க் கூட்டிட்டு வர வேண்டியதுதானே?"

வழக்கமாக ஒரு சிரிப்பாவது வரும். வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தபோது ஒரு செருப்பு இன்னும் காலில் இருந்தது.

எப்படிப் போனார் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள். வந்தார், உட்கார்ந்தார், அவ்வளவுதான். தான் சொன்னதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அது அவர் காதில் விழுந்ததா, விழுவதற்கு முன்பே போய்விட்டாரா? இரண்டில் எது பரவாயில்லை என்றும் தெரியவில்லை. இரவு முழுக்க அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஏரிக்கரைக்குப் போனதே இல்லை. பஸ்ஸில் போகும்போது மரங்களுக்கு இடையில் தண்ணீர் பளிச்சிட்டு மறையும். ஆனால் அந்த ஏரி அவளுக்கு அத்துப்படி. மழை பெய்தால் கலங்கல். வெயில் காய்ந்தால் மேல்தண்ணீர் சூடு. மதகைத் திறந்தால் இழுப்பு. காற்று மாறினால் பாசி இந்தப் பக்கம் ஒதுங்கும். இத்தனை வருஷமும் நாளுக்கொரு காரணமாகக் கேட்டுக் கேட்டு ஏரியை முழுதாகக் கட்டி வைத்திருந்தாள்.

"கலங்கினாலும் வராது, தெளிஞ்சாலும் வராது. அப்ப எப்பதான் வரும்?"

"ரெண்டுக்கும் நடுவுல ஒரு நாள் வரும்" என்பார்.

ஊரார் வீட்டு மின்சார மீட்டர்களை ஒரு புள்ளி பிசகாமல் எழுதிய மனிதர். பொய் சொல்லத் தெரியாதவர் என்று பெயர். அவர் மீன் இல்லை என்றால் இல்லைதான். வாரத்துக்கு ஒருமுறை மார்க்கெட்டிலிருந்து மீன் வாங்கி வருவார். அங்கேயே கழுவி, துண்டு போட்டு, வால் பக்கமாகப் பார்த்து.

"இதையே ஏரில பிடிச்சேன்னு சொன்னாக்கூட நம்பியிருப்பேனே" என்று அவள் சிரிப்பாள்.

"துண்டு மீனையா?" என்பார்.

பக்கத்து வீட்டுக்காரி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாரோ நாலு பேர் வந்திருக்காங்க. உங்க சொந்தமா? சண்டை போட்டுக்கிட்டவங்க மாதிரி தள்ளித் தள்ளி நிக்கிறாங்க."

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். உண்மைதான். தெருவில் நாலு பேர், ஒருவருக்கொருவர் இரண்டு ஆள் இடைவெளி விட்டு, ஒரே வரிசையில், வீட்டைப் பார்த்தபடி நின்றார்கள். மகள் போய் உள்ளே கூப்பிட்டாள். அதே இடைவெளியோடு ஒவ்வொருவராக வந்து, கட்டிலருகே நின்று பார்த்துவிட்டு, சுவரோரம் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது போலிருந்தது.

"நீங்க?" என்றாள் மகள்.

அவர்களில் மூத்தவர் தொண்டையைச் செருமினார். "நான் பெஞ்சும்மா."

மகள் அம்மாவைப் பார்த்தாள்.

"ஏரிக்கரையில பெஞ்சு ஒண்ணு இருக்குல்ல? அங்க உக்காந்து தூண்டில் போடுறவன். இவரு மதகு. அவரு பாலம். இவன் படிக்கட்டு, வேன் ஓட்டுறான்."

"உங்க பேரெல்லாம்?"

பெஞ்சுக்காரர் மற்ற மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "இவங்க பேரு எனக்கே தெரியாதேம்மா. உங்க அப்பா பேரையே இன்னைக்கு வாசல்ல எழுதிப் போட்டிருந்ததைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டோம். எங்களுக்கு அவரு மூலை."

"மூலையா?"

"ஏரிக்குக் கிழக்கு மூலை. காலைல பாத்தா மூலை காலியா இருந்துச்சு. காய்ச்சல்னாக்கூட வந்து நின்னுட்டுப் போற ஆளு. இவன்தான் ஒரு மழை நாள்ல அவரை இந்தத் தெரு முனை வரைக்கும் வண்டில விட்டிருக்கான். விசாரிச்சுட்டே வந்தோம்."

மின்விசிறி சுற்றியது. மகள் டீ கொண்டுவந்து கொடுத்தாள். தரையைப் பார்த்துக்கொண்டே குடித்தார்கள். வெளியே யாருடைய போனோ அடித்து நின்றது.

சும்மா இருக்க முடியாதவர் பாலத்துக்காரர்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு யாரிடம் என்றில்லாமல் ஆரம்பித்தார்.

"அந்தப் பெரிய மழை வருஷம் ஒண்ணு வந்துச்சே. ஏரி நிறைஞ்சு ரோட்டுல தண்ணி. அன்னைக்கு அண்ணன் கை பட்டதெல்லாம் விரால். போடுறாரு, எடுக்கிறாரு. நாங்கெல்லாம் தூண்டிலைச் சுருட்டி வெச்சுட்டு வேடிக்கை பாத்தோம்."

அவள் தலை நிமிர்ந்தாள். "அந்த வருஷமா? அந்த வருஷம் ஒண்ணுமே கிடைக்கலயே. ஒரே கலங்கல்னு சொன்னாரே."

"கலங்கல்தாம்மா. கலங்கல்லதானே விரால் வரும்?"

மதகுக்காரர் முழங்கையால் அவரை இடித்தார். கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

"ஏரி வத்தின வருஷம்?" என்று கேட்டாள்.

"வத்தினா..." பாலத்துக்காரர் மதகுக்காரரைப் பார்த்தார். "வத்தினா மீன் எல்லாம் ஆழத்துக்கு வந்துடும். மூலைதான் ஆழம்."

"பாசி படர்ந்தப்ப?"

"பாசிக்கு அடியிலதாம்மா கெண்டை மேயும்."

"மதகைத் திறந்தா?"

"அது இன்னும் நல்லது" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அவள் கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தாள். எப்போதும்போல முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நேத்து?"

எல்லோரும் படிக்கட்டைப் பார்த்தார்கள். கடைசியில் அவன் சொன்னான். "நேத்து ஒரு கெண்டை, அண்ணி. நல்ல கெண்டை."

கொண்டை ஊசியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

மகள் பின்னாலேயே வந்தாள். "என்னம்மா இது? அப்பாவா பொய் சொன்னாரு?"

"ஒரு நாள் ரெண்டு நாள் இல்லடி. உன் வயசுக்கு மேல. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்காரு, நானும் கரண்டியால தள்ளி விட்டுச் சாப்பிட்டிருக்கேன்."

"பிடிச்சது எல்லாம் அப்ப எங்க போச்சு?"

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி எப்படிக் கேட்கிறது என்று மகளுக்கு உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அம்மாவும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். எங்கோ ஓர் அடுப்பு. யாரோ ஒருத்தி, தினமும் காலையில் கூடையைக் கையில் வாங்கி, இன்னைக்கு என்ன இவ்வளவு என்று சிரிக்கிறவள். இந்தப் பக்கம், ஒன்றும் இல்லாமல் வருகிற மனிதனைக் கேலி பேச ஒருத்தி. மார்க்கெட் மீன். வால் துண்டு.

குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். துடைக்காமலே முன்னறைக்குப் போனாள். பெஞ்சுக்காரருக்கு எதிரே, கட்டிலின் தலைமாட்டில், முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே. யாரு சாப்பிட்டாங்க அதையெல்லாம்?"

பெஞ்சுக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். கேள்வி எங்கிருந்து வருகிறது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"நீங்க நினைக்கிற மாதிரி ஒண்ணும் இல்லம்மா. சின்னது சிலதை நாங்க எடுத்துட்டுப் போவோம். மத்ததெல்லாம் திரும்பத் தண்ணிலதான். கொக்கியைக் கழட்டி, கையில தாங்கிப் பிடிச்சு, அது மூச்சு விடுற வரைக்கும் நிப்பாரு. அப்புறம் கையைத் தாழ்த்துவாரு. அதுவாப் போகும்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். நாங்க அவ்வளவு நல்லவங்க இல்ல. ஆனா சினை மீன்னா நாங்களும் விட்டுடணும். அது மூலை போட்ட சட்டம். முதல்ல சிரிச்சோம். இந்தப் பாலம் சண்டையே போட்டாரு."

"போட்டேன்" என்றார் பாலத்துக்காரர்.

"பைபாஸ் பக்கத்துல பெரிய ஏரி இருக்கே, இப்ப அதுல தவளைதான் இருக்கு. வலை போட்டு வழிச்சுட்டாங்க. நம்ம ஏரில மீன்துறைக்காரங்க ஒரே ஒரு தடவை குஞ்சு விட்டாங்க, எந்தக் காலத்துலயோ. அதோட சரி. இன்னைக்கும் அங்க மீன் துள்ளுதுன்னா..." அவர் முடிக்கவில்லை. தாடையால் கட்டிலைக் காட்டினார்.

"சரி. சினை மீனை விட்டாரு. மத்ததை வீட்டுக்குக் கொண்டு வரலாம்ல? நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?"

"நானும் அதைத்தாம்மா கேட்டேன். ஆரம்பத்துலயே. 'உள்ள சினை இருக்கா இல்லையான்னு வெளியிலிருந்து எப்படிண்ணே சொல்றது? வீட்டுல அறுக்கும்போது தெரிஞ்சா?'ன்னாரு. தெரிஞ்சா என்ன, எடுத்து வறுத்துச் சாப்பிடு, அதுதானே ருசின்னேன். அவரு தூண்டில் தக்கையையே பாத்துட்டு நின்னாரு. அப்புறம் நான் கேக்கல."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் பிடித்த மீனை அவள் கடைசியாக அறுத்தபோது இந்த வீடு இல்லை. இதற்கு முந்தைய வீடு, ஒரே அறை, பின்பக்கம் சிமெண்ட் தொட்டி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. போகும்போது இருந்த வயிறு வரும்போது இல்லை. குழந்தையைத் துணியில் சுற்றி யாரோ எடுத்துப் போனார்கள், அவளிடம் காட்டவில்லை. அவளும் கேட்கவில்லை. இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் தீர்ந்துவிடுகிற விஷயமாக அது இல்லை.

அவளுக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று அவர் ஏரிக்குப் போய் ஒரு கெண்டை கொண்டுவந்தார். கை நீளத்துக்கு இருந்தது. செதிலைச் சுரண்டி, வயிற்றைக் கீறினாள். சினை மொத்தமாகச் சரிந்து அவள் கையில் விழுந்தது. மஞ்சளாக, கனமாக, இன்னும் வெதுவெதுப்பாக இருப்பதுபோல. அவள் கத்தவில்லை. கையைத் தொட்டியில் கழுவினாள். மறுபடி கழுவினாள். பின்படியில் போய் உட்கார்ந்தாள். உள்ளே அவர் தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் தேய்க்கிற சத்தமும் கேட்டன. எழுந்து போய்ப் பார்த்தபோது மீன் இல்லை, அரிவாள்மனை கழுவிச் சாத்தியிருந்தது. என்ன ஆச்சு என்று அவர் கேட்கவில்லை. அவர் எதையும் கவனிக்கவில்லை என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

அடுத்த வாரத்திலிருந்து ஏரியில் தண்ணீர் சரியில்லாமல் போனது.

மகள் வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். அவள் பிறந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. அவளுக்கு முன் ஒன்று இருந்தது அவளுக்குத் தெரியாது. அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவளும் ஒன்றும் கேட்கவில்லை.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க" என்றான் படிக்கட்டு. "உங்களை நாங்க பாத்ததில்லையே தவிர, நல்லாத் தெரியும். தினமும் காலைல அண்ணன் வந்ததும் நாங்க கேக்கிறது, 'நேத்து என்ன கிடைச்சுது?' மீனைக் கேக்கல. வீட்டுல."

"வீட்டுல என்ன?"

"மாவுக்கு நீச்சல் சொல்லிக் குடுக்கப் போறீங்களா?" என்றார் பாலத்துக்காரர்.

அவள் நிமிர்ந்தாள். அது அவள் சொன்னது.

"கொக்குகூட ரெண்டு கொத்துல ஒண்ணு எடுத்துடும்" என்றான் படிக்கட்டு.

"மீன் வேண்டாம், ஒரு வாளித் தண்ணியாவது பிடிச்சுட்டு வாங்க, செடிக்கு ஊத்தலாம்" என்றார் பெஞ்சுக்காரர். "இது எனக்கு ரொம்பப் பிடிச்சது. எங்க வீட்டுக்காரிகிட்டகூடச் சொன்னேன். அவ இப்ப அதையே என்கிட்டச் சொல்றா."

"ஐயோ" என்றாள். முகம் சூடானது. "அதையெல்லாமா வெளிய சொன்னாரு?"

"சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரும்மா. எதுவும் கிடைக்காத நாள்லகூட, வீட்டுக்குப் போய் என்ன பேச்சு வாங்கப் போறேனோன்னு ஆசையாப் போவாரு. இவரு திட்டுவாரு, சிரிச்சா மீன் ஓடிடும்னு."

"ஓடிடும்" என்றார் மதகுக்காரர். வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

படிக்கட்டு சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டான். "நேத்து என்ன சொன்னீங்க, அண்ணி?"

பெஞ்சுக்காரர் அவன் தொடையில் ஓர் அடி வைத்தார். "வாயை மூடுடா."

"இல்லண்ணே. கேக்கட்டும்."

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். சொல்ல நேரமாயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை. காத்திருக்கத் தெரிந்தவர்கள்.

"அடித்தண்ணி குளிர்ந்து மீனெல்லாம் கீழ போயிடுச்சுன்னாரு. 'நீங்களும் கீழ போய்க் கூட்டிட்டு வர வேண்டியதுதானே'ன்னேன். அவ்வளவுதான். அப்புறம் வந்து பாத்தா..."

வாசலில் மகளின் கை நிலையை விட்டு இறங்கியது.

நாலு பேரும் கட்டிலைப் பார்த்தார்கள். பாலத்துக்காரரின் தோள் லேசாக ஆடியது. மதகுக்காரர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"வீட்டுல சொன்னா தட்ட மாட்டாரு" என்றார்.

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. மூக்கு வழியாக ஒரு சத்தம், பிறகு இன்னொன்று. படிக்கட்டு கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்தினான். பெஞ்சுக்காரருக்கு இருமல் வந்துவிட்டது. அவளும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். பக்கத்து வீட்டுக்காரி பதறிப்போய் உள்ளே எட்டிப் பார்த்தாள். அழுகிறார்கள் என்று நினைத்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அவள் நினைத்ததும் முழுக்கத் தப்பில்லை.

"இதை இன்னைக்குக் காலைல வந்து சொல்லியிருப்பாரு" என்றார் பெஞ்சுக்காரர், கண்ணைத் துடைத்தபடி. "ஒரு வாரத்துக்குப் போதும் எங்களுக்கு."

வெளியே அமரர் ஊர்தியின் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. யாரோ மகளைக் கூப்பிட்டார்கள். அவள் போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"வண்டி வந்திருச்சும்மா."

நாலு பேரும் எழுந்திருக்கப் போனார்கள்.

"இருங்க" என்றாள் அவள். மகளைப் பார்த்து, "கொஞ்ச நேரம் நிக்கச் சொல்லு" என்றாள்.

"எவ்வளவு நேரம்னு கேப்பாங்களே."

"நிப்பாங்க. போய்ச் சொல்லு."

முக்காலியை அவர்கள் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். படிக்கட்டைப் பார்த்துக் கேட்டாள். "நேத்து பிடிச்ச கெண்டை. எவ்வளவு பெருசு?"

அவன் பெஞ்சுக்காரரைப் பார்த்தான். அவர் தலையசைத்தார்.

படிக்கட்டு இரண்டு கைகளையும் விரித்தான். ஒரு கை சுவரில் இடித்தது. பாலத்துக்காரர் நாற்காலியோடு நகர்ந்தார், மதகுக்காரர் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டார். கைகள் இன்னும் விரிந்தன.